கல்வெட்டு எழுதிய அன்ரி

என்னோடு மொன்றியலின் லாசால் பேட்டையில் வளர்ந்து, இப்போது நரையை ஆளுக்கொரு நிறத்தில் மறைத்துக்கொண்டு திரியும் தோழர் தோழியரே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் அழைத்து, எங்கள் எழுத்தாளர் அன்ரி மொத்தம் எத்தனை புத்தகம் எழுதினார் என்று கேட்டார். ஏதோ சிறப்பு மலர் போடுகிறாராம். இரண்டு என்றேன். இரண்டும் ஊரில் அச்சானவை, இரண்டும் மெலிந்தவை. "கனடாவுக்கு வந்தாப் பிறகு ஒண்டும் எழுதேல்லையோ?" என்று அவர் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டு சோக்கேஸின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதர் ரொறன்ரோக்காரர், அவர் வீட்டில் அது இருக்காது என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீடுகளில் இருக்கும். அம்மாமார் கண்ணாடிக் கோப்பைகளுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த கல்வெட்டுகளைத்தான் சொல்கிறேன்.

ஊரில் சைவக்காரர் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கத்தோலிக்கரான நாங்களும் அதை விடவில்லை. பூசை முடிவில் சுவாமி அதை நினைவு மலர் என்று அறிவிப்பார். கோயில் வாசலைத் தாண்டியதும் அது கல்வெட்டாகிவிடும். முன்னட்டையில் இறந்தவரின் படம், பின்னட்டையில் மாதா, நடுவில் பிறந்த ஊர், கலியாணம், பிள்ளைகள், கனடா வந்தது, குணம். குணம் எல்லோருக்கும் ஒன்றுதான். மொன்றியலில் இறந்த தமிழர் அத்தனை பேரும் வந்தாரை இன்முகத்தோடு வரவேற்றவர்கள். வேலிச் சண்டை பிடித்தவர், கோபக்காரர், கஞ்சன் ஒருவரும் இதுவரை சாகவில்லை.

அன்ரி எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கைத் துணி மடிக்கிற வேலை. மாலையில் அவர் படியேறி வரும்போது சூடான துணியும் குளோரினும் கலந்த ஒரு மணம் முன்னால் வரும். கூடவே முணுமுணுப்பும் வரும். அன்ரி தனக்குள் கதைக்கிறார், மண்டை கொஞ்சம் பிழை என்று நாங்கள் பிள்ளைகள் முடிவுகட்டியிருந்தோம். ஒருநாள் இரும்புப் படிக்கட்டில் அவருக்குப் பின்னால் ஏறியபோது காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் ஒரு சொல் குறைந்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது வசனம் பாதியாகியிருந்தது. அவர் முகத்தில் பெரிய சந்தோஷம்.

ஊரில் இருந்தபோது அன்ரி ஒரு சிறுகதை எழுதினார். அதில் இரண்டு பக்கத்திலும் துவக்கு ஏந்திச் சண்டை பிடித்த ஒருவருக்கும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. ஒருபக்கத்தார் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். மற்றப் பக்கத்தார் அதற்கு முதல்நாளே வந்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்ரி ஒரு பையோடு சென்னைக்குப் போய், பிறகு எங்கெங்கோ நின்று, கடைசியில் லாசாலுக்கு வந்து சேர்ந்தார். நான் சொல்கிற காலம் சண்டை ஓய்ந்திருந்த வருடங்கள். கோடை வந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் பறப்பார்கள். அந்தப் பெட்டிகளை நிறுத்துப் பார்க்க அன்ரியின் குளியலறைத் தராசுதான் கட்டடம் முழுக்கச் சுற்றும். நீங்கள் ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "போகலாம் பிள்ளை. திரும்பி வரேலாது," என்று சொல்லிவிட்டுத் தராசின் முள்ளைப் பார்க்கக் குனிந்தார்.

அவர் கல்வெட்டு எழுதத் தொடங்கிய கதையும் வேடிக்கைதான். தன் புத்தகங்களைக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையில் வைத்திருக்கிறார். வாங்க ஆளில்லை. இலவசமாகக் கொடுத்தாராம், சனம் அதைக் கதிரையில் வைத்து மேலே இருந்துவிட்டுப் போயிற்று. அதே மண்டபத்தில் அடுத்த கிழமை ஒரு முப்பத்தோராம் நாள். கல்வெட்டை எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கி, மடங்காமல் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். செத்தவரின் படமும் மாதாவின் படமும் உள்ளதை யார் குப்பையில் போடுவது? "இந்த நாட்டிலை எங்கடை சனம் எறியாத தமிழ்ப் புத்தகம் இது ஒண்டுதான்," என்று அன்ரி அம்மாவுக்குச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் அவர்தான் எழுதினார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா பகலில் டாக்சி ஓட்டி, வார இறுதியில் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர். ஊரில் பேரெடுத்த மனிசி இங்கே செத்தவீட்டு எழுத்து எழுதுகிறாவே என்று அனுதாபப்படுவார். மற்றவர்களுக்கு அனுதாபத்தைவிடப் பயம்தான் அதிகம். உயிரோடிருக்கிற ஒருவரிடம் அன்ரி போய், நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று கேட்டால் அந்த ஆள் வெலவெலத்துப் போவார். இருமல் உள்ள கிழவர்கள் பூசையில் அவருக்குப் பக்கத்தில் வாங்கில் வந்து குந்தமாட்டார்கள்.

எழுதுவதற்கு அன்ரி ஒரேயொரு நிபந்தனை வைத்திருந்தார். இறந்தவரின் குசினியில் தன்னை ஒரு நாள் இருக்கவிட வேண்டும். பிள்ளைகளிடம் குணம் கேட்கமாட்டார். தூள் போத்தலை மணந்து பார்ப்பார், லாச்சிகளை இழுப்பார், கரண்டிகளில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். சாப்பாட்டு ஆசையில் வருகிறா என்று சிலர் சொன்னார்கள். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்தச் சிலரில் என் சொந்தக்காரரும் அடக்கம்.

அந்த வருடங்களில் ஓர் இலையுதிர்காலத்தில் என் மாமி இறந்தா. அப்பாவின் அக்கா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தா. உறைந்த மரக்கறி பொதிசெய்யும் பக்டரியில் நின்று வேலை செய்து, விரல் நுனிகள் எப்போதும் குளிர்ந்திருக்கும். அந்த விரல்களை எங்கள் கழுத்தில் வைத்துக் கூச்சம் காட்டுவா. ஒரு காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தா. அந்த வருடத்தில் முதல்முறையாக ஹீட்டரைப் போட்ட நாள் அது. ஹீட்டரில் தூசி கருகும் மணம் வந்தால் இன்றைக்கும் எனக்கு மாமியின் வீடுதான்.

மாமியைப் பற்றிச் சொந்தத்துக்குள் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வசதி வந்தவர்கள் குடிபோகும் கர்க்லாண்டில் வீடு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. மாமா விரும்பினார், வசதியும் இருந்தது, மகளான மச்சாள் கலியாணம் செய்து அங்கேதான் இருந்தா. மாமி மட்டும் லாசாலை விட்டு அசையவில்லை. முன்னேற விருப்பமில்லாத மனிசி என்று தீர்ப்புச் சொன்னார்கள். மற்றது, தலைக்கனம். மாமிக்குப் போன் எடுத்தால், என்ன ஏது என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, "சரி வையுங்கோ, நேரிலை கதைப்பம்," என்று வைத்துவிடுவா. அம்மாவே இதைச் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறா.

ஆனால் கல்வெட்டு என்று வந்ததும் சண்டை இந்தக் குறைகளைப் பற்றி வரவில்லை. மாமியின் மூத்த மகனைப் பற்றித்தான் வந்தது.

மச்சாளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன், ஊரில், டியூசனுக்குச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள் என்று தெரியாது. மாமாவும் மாமியும் தேடாத இடமில்லை. பிறகு மகளைக் காப்பாற்றவேண்டும் என்று அவளோடு கனடாவுக்கு வந்தார்கள். அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்பது மாமாவின் கட்டளை. எங்களுக்கும் அது தெரியும்.

கல்வெட்டில் சொந்தங்களை வரிசையாகப் போடுவார்கள். இறந்துபோனவர் என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். இருக்கிறவருக்கு வெறும் பெயர். இந்த இரண்டு வகைதான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். காணாமல் போனவனை எதில் சேர்ப்பது? இவ்வளவு வருடமாயிற்று, காலஞ்சென்ற என்று போடுவதுதான் முறை என்றார் அப்பா. அண்ணா இருக்கிறார், வெறும் பெயராகப் போடுங்கள் என்று மச்சாள் அழுதா. மாமா இருவரையும் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"செத்தவன் எண்டு எழுத என்னாலை ஏலாது. இருக்கிறான் எண்டு எழுத என்னட்டை ஒண்டும் இல்லை. விட்டிடுங்கோ."

விட்டுவிடுவதென்றால், மாமிக்குப் பிள்ளை ஒன்றுதான் என்று எல்லோர் வீட்டு சோக்கேஸிலும் இருக்கப்போகிறது. அவன் பிறக்காதவனாகிவிடுவான். எழுத வந்த அன்ரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதி வாசித்துக் காட்டுகிறேன், அதற்குப் பிறகு முடிவெடுப்போம் என்றார். மாமா ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

மாமியின் குசினியில் அன்ரி இருந்த நாளில் நானும் அம்மாவோடு போயிருந்தேன். அம்மா மாமாவுக்குச் சமைத்து வைக்கப் போனா. அன்ரி வழக்கம்போல அரிசி வாளியைத் திறந்து மூடினார். பிறகு குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கடுகு நிறத்தில் ஒரு பழைய சுவர்ப் போன். அதன் சுருள் வயர் வழமையான நீளத்தில் இல்லை. அன்ரி ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அடுப்படிக்குப் போயிற்று, படுக்கையறைக்குப் போயிற்று, குளியலறைக் கதவு வரைக்கும் போயிற்று. வயரில்லாத போன் ஒன்றை மச்சாள் பரிசாகக் கொடுத்திருந்தா. அது பெட்டி பிரிக்காமல் கிடந்தது. கரண்ட் போனால் வயரில்லாத போன் வேலை செய்யாது என்று மாமி சொன்னதாக மாமா சொன்னார்.

"போனிலை கதைக்கப் பிடிக்காத மனிசிக்கு ஏன் அண்ணை இவ்வளவு நீள வயர்?" என்று அன்ரி கேட்டார்.

மாமாவுக்குத் தெரியவில்லை. எப்படியும் மாதமுடிவில் தான் மகளோடு கர்க்லாண்டுக்குப் போவதாகவும், போனை வெட்டச் சொல்லி மகள் அறிவித்துவிட்டதாகவும் சொன்னார். அந்நாளில் வீட்டுப் போன் நம்பர் பேட்டையோடு ஒட்டியது. லாசால் நம்பர் கர்க்லாண்டுக்கு வராது. அன்ரி ஒன்றும் எழுதவில்லை. பக்டரியில் மாமிக்குப் பக்கத்தில் நின்றது யார் என்று மட்டும் கேட்டார்.

பக்கத்தில் நின்றவர் ஒரு ஹெயிட்டி நாட்டுப் பெண்மணி. வேலை முடிந்து வந்தவரை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரேயிருந்த கோப்பிக்கடையில் சந்தித்தோம். அன்ரியின் பிரெஞ்சு சலவைக்கூடத்தோடு சரி, அம்மாவுடையது போன்ஜூரோடு சரி. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பு. எனக்கு ஒரு சூடான சொக்லட் வாங்கித் தந்தார்கள். அந்தப் பெண்மணி மாமியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் சிலுவை போட்டார். தன்னுடைய கட்டடத்தில் ஒரு நல்ல வீடு காலியானபோது மாமியை வரச் சொன்னாராம், அது வேறு பேட்டை. மாமி மறுத்திருக்கிறா. ஏன் என்று விடாமல் கேட்டபோது, மாமி பெல்ட்டில் ஓடிவந்த பட்டாணிப் பைகளுக்கு நடுவில், தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சிலும் கைப்பாஷையிலும் சொல்லியிருக்கிறா. அதை அந்தப் பெண்மணி எனக்குச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"கனடா வந்த நேரம் மாமி ஊரிலை எல்லாருக்கும் இந்த நம்பரை எழுதி அனுப்பினவவாம். மச்சான் வந்து கேட்டா குடுக்கச் சொல்லி. சுவாமிக்கு, கடைக்காரருக்கு, பக்கத்து வீட்டுக்கு. இப்ப அவையள் எல்லாரும் இடம்பெயர்ந்து எங்கை போட்டினம் எண்டு தெரியாதாம். அதாலை நம்பரை மாத்தேலாதாம்."

எனக்கு அப்போது சொன்னதன் கனம் தெரியாது. பிரெஞ்சை வடிவாகத் தமிழாக்கிவிட்டேன் என்ற பெருமைதான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குக் குளிர்ச்சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தா. லைன் எப்போதும் சும்மா இருக்கவேண்டும் என்றுதான் மாமி எல்லோரையும் சட்டென்று வைக்கச் சொல்லியிருக்கிறா. தலைக்கனம் என்றோமே.

வீட்டுக்கு நடந்து வரும்போது, உடனே மாமாவுக்குப் போன் எடுத்துச் சொல்லவேண்டும் என்று அம்மா துடித்தா. அன்ரி சம்மதிக்கவில்லை.

"வாயாலை சொன்னா அண்ணை வாயாலையே மறுத்துப்போடுவார். நான் எழுதிறன்," என்றார்.

அந்த மூன்று நாலு நாட்களும் அன்ரியின் முணுமுணுப்பு படிக்கட்டில் கேட்டபடியே இருந்தது. ஏறும்போதும் கேட்டது, இறங்கும்போதும் கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் மாமாவின் வீட்டில் கூடினோம். மச்சாள் கர்க்லாண்டிலிருந்து வந்து காரில் கொண்டுபோகச் சில பெட்டிகளைக் கட்டியிருந்தா. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, பிழை பிடிக்கத் தயாராக இருந்தார். அன்ரி கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டு வாசித்தார். மற்றக் கல்வெட்டுகளில் வரும் இன்முகம், விருந்தோம்பல் ஒன்றும் அதில் இல்லை. மாமியின் குளிர்ந்த விரல்கள் இருந்தன. தேய்ந்த கரண்டி இருந்தது. பிறகு அந்தப் பகுதி வந்தது. அதை நான் கல்வெட்டிலிருந்தே எழுதுகிறேன்.

"இவர் கர்க்லாண்டில் வீடு வேண்டாம் என்றார். தொலைபேசியில் எவரோடும் நெடுநேரம் பேசமாட்டார். இரண்டுக்கும் ஒரே காரணம். தன் மகனுக்காக ஊரெல்லாம் கொடுத்து வைத்த இலக்கத்தை இவர் மாற்றவில்லை. அவன் அழைக்கும்போது மணி அடிக்காமல் போய்விடக்கூடாது என்று, சாகும் நாள்வரை அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தார்."

மச்சாள் பெட்டிக்கு மேலேயே இருந்துவிட்டா. அப்பா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். மாமா சுவர்ப் போனைப் பார்த்தார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அன்ரிதான் பதில் சொன்னார். "அந்தப் பேரை எடுக்கக்கூடாது எண்டு நீங்கள் சொன்னீங்களாம், அண்ணை."

"ஓம். அவள் அழக்கூடாது எண்டு சொன்னனான்," என்றார் மாமா. பிறகு அவரே அழுதார். ஒரு பெரிய மனிதர் அப்படி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் அன்ரியைப் பார்த்தார். "மூத்தவனை முதலிலை போடுங்கோ பிள்ளை. அவன்ரை பேருக்கு முன்னாலை ஒண்டும் போடவேண்டாம்." பிறகு மகளிடம் திரும்பி, போனை வெட்டவேண்டாம் என்று அறிவிக்கச் சொன்னார். தான் கர்க்லாண்டுக்கு வரவில்லை என்றும் சொன்னார். மச்சாள் கட்டியிருந்த பெட்டியொன்றைத் திரும்பத் திறந்தா. அன்றைக்குப் பிறகு செத்தவீட்டு எழுத்து என்ற பேச்சு அப்பாவின் வாயில் வந்ததேயில்லை.

எழுத்து என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், நான் படித்த பெரிய புத்தகங்கள் ஒன்றும் முதலில் ஞாபகம் வராது. துணி மடித்து வெடித்த கைகளோடு நின்று வாசித்த அந்தப் பெண்தான் ஞாபகம் வருவார். ஊர் அவரைத் துரத்தியது, வந்த ஊர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவரோ எங்களில் ஒவ்வொருவரின் குசினியிலும் இருந்து பார்த்து, எங்கள் வீட்டு ஆட்களை எங்களுக்கே அறிமுகம் செய்துவைத்தார். அந்தக் கல்வெட்டுகளை ஒன்றாகக் கட்டினால் எவ்வளவு பெரிய நூல் வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கல்வெட்டைக் கொடுத்தபோது, சனம் அதை வழக்கம்போலக் கைப்பைக்குள் வைக்கவில்லை. நின்ற நிலையிலேயே வாசித்தது. தேநீர் ஆறிப்போயிற்று. மாமியைக் குறை சொன்ன பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்ரி பின்வரிசையில் ஒரு கதிரையில் இருந்து, பக்கம் புரட்டுகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் கிழவர் ஒருவர் தானாகப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

பின்னேரம் மாமாவின் வீட்டில் நெருங்கிய சொந்தங்கள் மட்டும் இருந்தோம். அன்ரியும் வந்திருந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவர்ப் போன் அடித்தது. எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் போன் எடுத்தது மாமிதான். மாமி இருந்தவரை மாமா அதைத் தொட்டதே கிடையாது. அம்மா ஈரக்கையோடு திரும்பினா. அதற்குள் மாமா எழும்பி, கதிரைகளைப் பிடித்துப் பிடித்துப் போய் ரிசீவரை எடுத்தார்.

"ஓம்," என்றார். "அப்பா கதைக்கிறன்."

ஜன்னல் விற்கிற யாரோ ஒருவன், பிரெஞ்சில். மாமா அவனுக்கு மெர்சி சொல்லிச் சட்டென்று வைத்தார்.